உரோமைக்கு நடந்தோர்

கி.பி. 1300 ஆம் ஆண்டு பிறந்தபோது உரோமை நகரில் ஒரு பேச்சு எழுந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் தூய பேதுருவின் கோயிலை அடைந்து வணங்குவார் பெரும்பேறு பெறுவர் என்பதே அப்பேச்சு. திருச்சபையின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தனர். அதற்குச் சான்று ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் மக்கள் ஏடு பார்த்தோ வருகின்றனர்? நாள்தோறும் கூட்டம் பெருகிற்று. அப்பொழுது திருத்தந்தையாக விளங்கியவர் எட்டாம் போனிபாஸ். அவர் முன்னிலையில் சவாய் நாட்டு முதியவர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினர். அவர்க்கு வயது 107. தம் தந்தை ஓர் உழவர் என்றும், சென்ற நூற்றாண்டு பிறந்தபோது அவர் உரோமைக்கு வந்து வழிபட்டார் என்றும், அடுத்த நூற்றாண்டு வரை உயிரோடிருந்தால் நீயும் போகத் தவறாதே என்று தமக்குச் சொல்லிவைத்தார் என்றும் அம்முதியவர் கூறினார். இதனை ஸ்டெபனெஸ்கி என்னும் கர்தினால் எழுதி வைத்துள்ளார். ஏழு வயதுச் சிறுவன் செவியில் விழுந்த சொல் நூறாண்டு நெஞ்சில் நின்று, தள்ளாத பருவத்தில் அவனை உரோமைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அவ்வாண்டு பெப்ருவரித் திங்கள் 22 ஆம் நாள் திருத்தந்தை ஆணை பிறப்பித்தார். தம் பாவங்களுக்கு மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து, பேதுரு, பவுல் என்னும் இருவர் கோயில்களையும் கண்டு வழிபடுவார்க்குப் பரிபூரண பலன் உண்டு என்பது அவ்வாணை. இவ்விருவரையே இராயப்பர் என்றும் சின்னப்பர் என்றும் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்குவர். உரோமை நகரத்தார் முப்பது நாளும், வெளியூரார் பதினைந்து நாளும் கோயில் வலம் வருதல் வேண்டும். நடந்தே வருக என்று அவ்வாணையில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பேதுருவின் கோயில் டைபர் ஆற்றின் ஒரு கரையில் உள்ளது. பவுலின் கோயிலோ மற்றொரு கரையில், நகர மதிலுக்கும் அப்பால் உள்ளது. இரண்டனுக்கும் பதினைந்து நாள் சென்று வருதல் என்றால் நடையன்றி வேறென்ன?

'யூபிலி' என்னும் சொல் எபிரேய மொழியினின்றும் வந்தது. ஆட்டுக் கொம்பினை ஊதி ஐம்பதாம் ஆண்டை அறிவிப்பது அம்மக்களுக்கு விதிக்கப்பட்ட வழக்கம். அவ்வாண்டில் அடிமைப்பட்டோர் விடுதலை பெற வேண்டும். கைமாறிப் போன நிலம் பழைய குடிக்குத் திரும்ப வேண்டும் என்று லேவியராகமம் கூறும். கத்தோலிக்கத் திருச்சபை கொண்ட புனித ஆண்டு இப்பெயரையும் கருத்தையும் தழுவியதே. முதலில் நூறாண்டுக்கு ஒருமுறை என்று வகுத்தனர். மனிதர் வாழ்நாளோ சிறிது. எல்லோரும் சவாய் நாட்டு முதியவராக முடியுமா? ஆகவே 1350 இல் ஐம்பதாண்டுக்கு ஒருமுறை எனவும், 1475 முதல் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை எனவும் சுருக்கினர்.

உரோமைக்குச் செல்லும் வழிகளுள் பெயர் பெற்றது பிரான்சிஜீனா என்னும் நெடுவழி. பிரெஞ்சு நாட்டிலிருந்து வரும் வழி என்பது அதன் பொருள். கி.பி. 990 இல் காண்டர்பரிப் பேராயர் சிகெரிக் என்பார் தம் பதவிக்குரிய மேலாடையைப் பெற உரோமைக்குச் சென்றார். திரும்புகையில் தங்கிய ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்து வைத்தார். அக்குறிப்பில் 79 தங்கல்கள் உள்ளன. ஊரின் அழகையோ உண்ட உணவையோ அவர் எழுதவில்லை. வெறும் பெயர்ப் பட்டியலே. ஆயினும், ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னர், மறைந்துபோன வழியை மீண்டும் கண்டறிய அறிஞர்க்குக் கைவிளக்காயிற்று அப்பட்டியல்.

அவ்வழியே நடப்பது எளிதன்று. ஆல்ப்ஸ் மலையைப் பெரிய பெர்னார்டுக் கணவாய் வழியாகக் கடத்தல் வேண்டும். அதன் உயரம் ஏறத்தாழ 2,470 மீட்டர். ஆண்டில் பல திங்கள் அங்கே பனி மூடிக் கிடக்கும். வழி தவறியவர் பனியிற் புதைந்து மாள்வதைக் கண்டு இரங்கிய பெர்னார்டு என்னும் துறவி, 1050 ஆம் ஆண்டளவில் கணவாயின் உச்சியிலேயே ஒரு சத்திரம் அமைத்தார். அச்சத்திரம் இன்றும் வழிப்போக்கர்க்கு இடம் அளித்து வருகின்றது. மலையைக் கடந்தால் போ ஆறு. அதனை ஓடத்தில் தாண்டினால் மீண்டும் மலை. இடையிடையே கள்வர் பயமும் உண்டு, நோயும் உண்டு. ஆதலின் புறப்படுமுன் கடனைத் தீர்ப்பர். பகைத்தாரிடம் மன்னிப்புக் கேட்பர். மரணசாசனம் எழுதி வைப்பர். கோயிலில் குருவானவர் அவர்தம் கோலையும் பையையும் மந்திரித்துத் தருவார். அக்கோலே ஊன்றுகோல், அதுவே காவற்படை. இத்தனையும் கடந்து வந்தவர், உரோமைக்கு வடபால் உள்ள மாரியோ மலையில் ஏறியதும் பேதுருவின் கோயிலை முதன்முதற் காண்பர். அம்மலைக்குக் 'களிப்பு மலை' என்று அவர்கள் பெயரிட்டதில் வியப்பில்லை.

குதிரை ஏறிச் சென்றவர்க்குத் துன்பம் இல்லை என்று எண்ணிவிடலாகாது. இத்தாலியப் பெருங்கவிஞர் பெட்ரார்க் 1350 ஆம் ஆண்டுப் புனித யாத்திரைக்குக் குதிரைமேற் சென்றார். வழியில் உடன்வந்தார் ஒருவரின் குதிரை உதைத்துக் காலில் புண்பட்டார். உரோமையை அடைந்தும் பல நாள் படுக்கையில் கிடந்தார். ஊர் முழுதும் கோயில் கோயிலாக நடக்கும்போது கவிஞர்பெருமான் கூரையைப் பார்த்துக் கிடந்தார் போலும்!

முதற் புனித ஆண்டில் உரோமையில் எந்நேரமும் இரண்டு இலட்சம் யாத்திரிகர் இருந்தனர் என்று வில்லானி என்னும் பிளாரன்ஸ் நகர வணிகர் எழுதுகின்றார். அங்கே பாழடைந்து கிடந்த பழம்பெருமைகளைக் கண்ட பின்னரே, தம் ஊரின் வரலாற்றை எழுதும் எண்ணம் அவர்க்குப் பிறந்தது. பவுலின் பீடத்தருகே குருமார் இருவர் இரவும் பகலும் நின்று, குவிந்த காணிக்கைக் காசுகளை வாரியால் வாரினர் என்கின்றார் மற்றொரு வரலாற்றாசிரியர். அவை பெரும்பாலும் ஏழைகளின் சிறு காசுகள் என்பதனை ஸ்டெபனெஸ்கி குறிப்பிடுகின்றார். இதனை மறத்தல் ஆகாது. மன்னரும் செல்வரும் கூட்டிய விழாவன்று அது. கால்நடையாய் வந்தோர் கூட்டிய விழா.

பெருங்கூட்டம் இடுக்கான வழியிற் செல்லும்போது இடர் நேர்வது இயல்பு. பேதுருவின் கோயிலுக்குச் செல்வோர் டைபர் ஆற்றின்மேல் உள்ள சான் ஆஞ்சலோப் பாலத்தைக் கடத்தல் வேண்டும். 1300 இல் போவார் ஒருபுறமும் வருவார் மறுபுறமுமாகச் செல்லுமாறு பாலத்தைப் பகுத்திருந்தனர். மகாகவி தாந்தே தம் காவியத்தில் நரகின் கூட்டத்திற்கு இக்காட்சியையே உவமை கூறினார். அத்தகைய ஒழுங்கு 1450 இல் குலைந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு மாலைப்பொழுது, திருத்தந்தையின் ஆசியை நாடிச் சென்ற பெருங்கூட்டம், இன்று ஆசி இல்லை என்று கேட்டுத் திரும்பிற்று. பாலத்தின்மேல் கோவேறு கழுதை ஒன்று மிரண்டது. முன்னே இருப்பவர் நிற்க, பின்னே இருப்பவர் நெருக்க, மிதிபட்டும் ஆற்றில் வீழ்ந்தும் ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கான கல் நடந்து, பனிக்கும் கள்வர்க்கும் தப்பி வந்தவர் பலர், கோயிலின் கண்ணெதிரே உயிர் துறந்தனர். பாலத்தை நெருக்கிக் கொண்டிருந்த கடைகளையும் வீடுகளையும் பின்னர் இடித்தனர். அடுத்த புனித ஆண்டினை எண்ணி 1473 இல் நான்காம் சிக்ஸ்துஸ் மற்றொரு பாலத்திற்கு அடிக்கல் நாட்டினார். அவர் பெயரால் அது இன்றும் நிற்கின்றது.

பாலம் கட்டினால் போதுமா? வந்தவர் எங்கே உறங்குவர்? யார் உணவு அளிப்பர்? இவ்வினாவுக்கு விடை கூறியவர் பிலிப் நேரி. பிளாரன்சில் 1515 இல் பிறந்த அவர், குருப்பட்டம் பெறாத இளைஞராய் உரோமையில் வாழ்ந்தார். 1548 இல் தம் ஞானகுருவோடு சேர்ந்து ஓர் அடியார் கூட்டத்தை நிறுவினார். 1550 ஆம் ஆண்டுப் புனித யாத்திரைக்கு வந்த ஏழைகளை இக்கூட்டத்தார் அழைத்துச் சென்று, புண்பட்ட கால்களைக் கழுவி, உணவும் பாயலும் தந்தனர். பிற்காலத்தில் கர்தினால்மாரும் பிரபுக்களும் மேலாடை களைந்து அங்கே கால் கழுவ வந்தனர். நேரி மற்றொன்றும் செய்தார். களியாட்டு நாள்களில் இளைஞரைக் கூட்டிக்கொண்டு உரோமையின் ஏழு பெருங்கோயில்களையும் நடந்தே வலம் வந்தார். இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்நடையின் இடையே ஒரு தோட்டத்தில் அமர்ந்து ரொட்டியும் முட்டையும் பாற்கட்டியும் பழமும் உண்பர், பாடுவர், எழுந்து மீண்டும் நடப்பர். பக்தி என்றால் முகம் வாடியிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கையன்று.

இஸ்பானியா நாட்டின் சந்தியாகு நகரமும் நடைக்குப் பெயர் போனது. யேசுநாதரின் சீடர் யாக்கோபு அங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம்பிக்கை. அவர்க்குத் தமிழில் வழங்கும் சந்தியாகப்பர் என்னும் பெயர், போர்த்துக்கீசியர் வாயிலாக வந்த அவ்வூர்ப் பெயரின் உறவே. அந்நகரின் புனித ஆண்டுக்குக் கணக்கு வேறு: அவர் திருநாளாகிய ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டே புனித ஆண்டு. 2021 இல் அவ்வாறு வந்தது. கொள்ளைநோய் காரணமாக 2022 இறுதிவரை அதனை நீட்டினர். அடுத்து 2027 இல் வரும். பிரெஞ்சு நாட்டு எல்லையிலிருந்து செல்லும் வழி ஏறத்தாழ 780 கிலோமீட்டர். ஈற்று 100 கிலோமீட்டரையேனும் நடந்து, வழியெங்கும் சான்றேட்டில் முத்திரை பெற்று வருவார்க்கே யாத்திரைப் பத்திரம் வழங்குவர்.

இருப்புப் பாதையும் விமானமும் வந்தபின் நெடுவழிகளில் புல் முளைத்தது. சந்தியாகு வழியிலுள்ள ஒரு சிற்றூர்ப் பங்குக் குரு எலியாஸ் வலீஞா. இவர் 1984 இல் மஞ்சள் வண்ணமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு, மரத்திலும் சுவரிலும் பாறையிலும் அம்புக்குறிகளை வரைந்து சென்றார். இன்று அவ்வழியில் நடப்போர் தேடுவன அம்மஞ்சள் அம்புகளையே. 1987 இல் சந்தியாகு வழியையும், 1994 இல் பிரான்சிஜீனா வழியையும் பண்பாட்டு வழிகளாக ஐரோப்பிய மன்றம் ஏற்றுக்கொண்டது.

அண்மையில் நிகழ்ந்தது 2025 ஆம் ஆண்டின் புனித ஆண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பர் 24 இல் பேதுருவின் கோயிலிற் புனிதக் கதவைத் திறந்தார். இரு நாள் கழித்து உரோமையின் ரெபிபியாச் சிறைச்சாலையிலும் ஒரு கதவைத் திறந்தார். நடந்து வர இயலாதாரிடம் கதவு தானே சென்றது போலாயிற்று. 2025 ஏப்ரல் 21 இல் அவர் காலமானார். திறந்தவர் ஒருவர், மூடுபவர் ஒருவர் என்று 1700 இல் நேர்ந்தது மீண்டும் நேர்ந்தது: 2026 ஜனவரி 6 இல் அக்கதவை மூடியவர் பதினான்காம் லியோ. இடைப்பட்ட காலத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் வந்தனர் என்பது வத்திக்கான் கணக்கு. அவருள் பெரும்பாலோர் விமானத்திலும் இரயிலிலும் வந்தவர். எனினும் கோயிலுக்குச் செல்லும் பெருவீதியில் அவர்களுக்கெனத் தனிவழி ஒன்று வகுத்திருந்தனர். ஒவ்வொரு கூட்டத்தார் கையிலும் ஒரு மரச்சிலுவையைத் தந்தனர். கடலும் மலையும் தாண்டிப் பறந்து வந்தவரும், ஆல்ப்ஸ் மலையைக் காலால் கடந்து வந்தவரும், அவ்வீதித் தலைப்பிலிருந்து கதவு வரை சிலுவையை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு ஒன்றாக நடந்து சென்றனர்.