யார் காலில் யார் விழுவது?

கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்ததும், "பெரியவங்க கால்ல விழுந்து கும்பிட்டுக்குங்க" என்று ஒரு குரல் வரும். மாப்பிள்ளை நெடுஞ்சாண்கிடையாக விழுவார். மணப்பெண் மண்டியிட்டுத் தலை தாழ்த்துவார். இந்த வித்தியாசம் கோயில் வழிபாட்டிலும் உண்டு. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) 'சைவ வினாவிடை' நூலில் இதைக் கறாராகவே வகுத்திருக்கிறார். தலை, இரு கைகள், இரு செவிகள், மோவாய், இரு புயங்கள் ஆகிய எட்டும் நிலத்தில் பட ஆண்கள் வணங்குவது அட்டாங்கம். தலை, கைகள், முழந்தாள்கள் மட்டும் படுவது பஞ்சாங்கம்; பெண்களுக்கு உரியது அது. செவி தரையில் பட வேண்டுமானால் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பியாக வேண்டும். விழுந்த வேகத்தில் எழுந்துவிடுகிறவர்களுக்கு அது எங்கே வாய்க்கும்?

எத்தனை முறை விழுவது என்பதிலும் வழக்கு உண்டு. மூன்றுக்குக் குறைந்தால் குற்றம் என்பது நாவலர் கணக்கு. தென்கலை வைணவரோ ஒரு முறை சேவித்தால் போதும் என்பார். வடகலையார் ஒன்றோடு நிறுத்துவதில்லை.

வைதிகக் குடும்பங்களில் விழுந்து எழுந்தால் மட்டும் போதாது. இரு கைகளாலும் காதைத் தொட்டு, 'அபிவாதயே' என்று தொடங்கி, கோத்திர ரிஷிகள், சூத்திரம், வேதம் எல்லாம் சொல்லி, கடைசியில்தான் தன் பெயர். சந்நியாசியிடம் இதைச் சொல்வதில்லை. காஞ்சி மடத்தில் வணங்குகிறவர்களுக்குச் சுவாமிகளின் பதில் 'நாராயண' என்பதே. வணக்கத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் இறைவனிடம் சேர்த்துவிடுகிறார்.

மற்றபடி எங்கும் ஒரே முறைதான்: இளையவர் விழ வேண்டும், மூத்தவர் வாழ்த்த வேண்டும். சாதியும் பதவியும்கூட யார் முதலில் கைகூப்புவது என்பதைப் பல ஊர்களில் நிர்ணயித்திருக்கின்றன.

இதைத் தலைகீழாக்கியவர்கள் மகாராஷ்டிரத்தின் வார்கரிகள் என்ற பக்தர்கள். ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து மகான் ஞானேசுவரரின் பாதுகையைப் பல்லக்கில் ஏற்றி, 200 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து பண்டரிபுரம் போகிறார்கள். வழியில் எதிர்ப்படுகிற யாரையும் 'மாவுலி', அதாவது தாயே, என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானேசுவரருக்கே உரிய பெயர் அது. ஒருவர் குனிந்து காலைத் தொட்டால், மற்றவர் ஆசி சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. தாமும் குனிந்து தொட்டவரின் காலைத் தொடுவார். இளையவர் யார், மூத்தவர் யார் என்ற விசாரணையே கிடையாது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக இருப்பது சபரிமலை விரதம். 41 நாளும் மாலை போட்டவரெல்லாம் 'சாமி'. முதல்முறை போகிறவர் கன்னிசாமி, பெண்களுக்கு மாளிகைப்புறம் என்று பெயர். பல தடவை மலைக்குப் போய்வந்த குருசாமி வயதில் சிறியவராக இருந்தாலும் மற்றவர்கள் அவர் காலில் விழத் தயங்க மாட்டார்கள். கடை முதலாளியும் மூட்டை தூக்குகிறவரை "சாமி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். மாலையைக் கழற்றிய மறுநாளே அது பழைய 'டேய்' ஆகிவிடுவதும் நடக்கிறதுதான்; சில கடைகளில் மட்டும் 'சாமி' தை மாதம் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.