மென்பொருள் உரிம மேலாளர்

ஒருவர் தமது உடைமை எனக் கூறும் பொருள்கள் பலவகைப்படும். நிலம், வீடு, பொன், ஆடை முதலியன கண்ணால் காணவும் கையால் தொடவும் கூடியன. அவற்றைப் பிறர் கவர்ந்து சென்றால், உடையவரிடம் அவை இல்லாது ஒழியும். ஆதலின் களவு உடனே வெளிப்பட்டுவிடும். ஆனால், எத்தனை படி எடுத்தாலும் மூலப்படி சிறிதும் குறையாத உடைமை ஒன்று இக்காலத் தொழிலுலகைத் தாங்கி நிற்கின்றது. அதுவே மென்பொருள். கண்ணுக்குப் புலனாகாத இப்பொருளுக்குக் கணக்கு வைப்பது எங்ஙனம்? அதற்கென்றே பெரிய நிறுவனங்களில் ஓர் அலுவலர் அமர்த்தப்பெறுகின்றார். அவரை மென்பொருள் உரிம மேலாளர் என்பர். அவர்தம் பணியின் இயல்பை இப்பாடத்தில் காண்போம்.

கணினி என்பது ஒரு பொறி. அஃது இன்னது செய்தல் வேண்டும் எனப் பணிக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். கடிதம் எழுதுதற்கும், சம்பளப் பட்டியல் வகுத்தற்கும், பாலங்களுக்கு வரைபடம் வரைதற்கும் வெவ்வேறு மென்பொருள்கள் உள்ளன. இவற்றை விலைக்கு வாங்குகின்றோம் எனப் பொதுவாகக் கூறினும், உண்மையில் நாம் பெறுவது பயன்படுத்தும் உரிமையே ஆகும். சென்னையிலிருந்து மதுரைக்குப் பயணச்சீட்டு வாங்கியவர் புகைவண்டியை வாங்கியவர் ஆகார். குறித்த நாளில், குறித்த வகுப்பில், குறித்த ஊர்வரை செல்லும் உரிமையே அவருக்கு உண்டு. அதுபோல, மென்பொருளை எவர், எத்தனை கணினிகளில், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என வரையறுத்துத் தரும் இசைவே உரிமம் எனப்படும்.

தொடக்கத்தில் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கும் வழக்கம் பரவவில்லை. கணினியுடன் அதுவும் சேர்த்தே வழங்கப்பட்டு வந்தது. 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். என்னும் அமெரிக்க நிறுவனம் மென்பொருளுக்குத் தனியே விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. 1976ஆம் ஆண்டில், அப்போது இருபது வயதே நிரம்பியிருந்த பில் கேட்ஸ், தாமும் நண்பரும் ஆக்கிய மென்பொருளைப் பயன்படுத்துவோருள் பெரும்பாலோர் அதனை விலை கொடுத்துப் பெற்றவரல்லர் என வருந்திக் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் விடுத்தார். உழைத்தவனுக்கு ஊதியம் இல்லையேல் நல்ல மென்பொருளை ஆக்குவார் எவர் என்பதே அவர் எழுப்பிய வினாவாகும்.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 1984ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தால், கணினி நிரலும் அச்சட்டத்தின்கண் இலக்கியப் படைப்பு என்னும் வகையுள் சேர்க்கப்பட்டது. கவிஞர் இயற்றிய செய்யுளும் நிரலர் எழுதிய கட்டளைத் தொகுதியும் சட்டத்தின்முன் ஓரினமாக நிற்பது எண்ணி மகிழத்தக்கது அன்றோ? உரிமை மீறி எடுத்த படி என அறிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்க அச்சட்டம் இடந்தருகின்றது.

உரிமங்கள் பல திறத்தன. ஒரு கணினிக்கு ஒன்று என்பது ஒரு வகை. ஓர் ஆளுக்கு ஒன்று என்பது மற்றொரு வகை. பள்ளி நூலகத்தில் ஒரு நூலின் பத்துப் படிகள் இருப்பின், நாற்பது மாணவரும் அவற்றை மாறி மாறிப் படிக்கலாம். ஆயின், ஒரே வேளையில் பதின்மரே படிக்க இயலும். இவ்வாறு ஒரே நேரத்தில் பயன்படுத்துவோர் தொகையை வரையறுக்கும் உரிமமும் உண்டு. ஆண்டுதோறும் சந்தா செலுத்திப் புதுப்பிக்க வேண்டுவன சில. கணினியின் ஆற்றலை அளந்து கட்டணம் கொள்வன வேறு சில. இவ்வகையில், பயன்படுத்துவோர் தொகை மாறாதிருப்பினும், மென்பொருளைப் பெரிய கணினிக்கு மாற்றிய அளவிலேயே கட்டணம் பன்மடங்காகப் பெருகக்கூடும்.

உரிம மேலாளர் மூன்று கணக்குகளை நாள்தோறும் பேணுவார். நிறுவனம் பெற்றுள்ள உரிமங்கள் எத்தனை என்பது முதற்கணக்கு. இதற்குச் சான்று ஒப்பந்தங்களும் விலைச்சீட்டுகளும் ஆகும். எத்தனை கணினிகளில் மென்பொருள் பதிக்கப்பட்டுள்ளது என்பது இரண்டாம் கணக்கு. உண்மையில் எத்தனை பேர் அதனைப் பயன்படுத்துகின்றனர் என்பது மூன்றாம் கணக்கு. இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்குதலே அவர் பணியின் உயிர்நிலை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு நிறுவனம் வரைபட மென்பொருளுக்கு 400 உரிமங்கள் பெற்றுள்ளது என்றும், கணினியில் பதித்தாலே உரிமம் வேண்டும் என்பது ஒப்பந்தம் என்றும் கொள்வோம். மேலாளர் ஆராய்ந்தபோது 460 கணினிகளில் அது காணப்பட்டது. ஆனால் 350 பேரே அதனைப் பயன்படுத்தினர். பணியை விட்டு நீங்கியோர், வேறு துறைக்கு மாறியோர் ஆகியோருடைய கணினிகளில் 110 படிகள் வறிதே கிடந்தன. அவற்றை நீக்கிவிடின் குறை தீர்வதோடு 50 உரிமங்கள் மிஞ்சும். புதியன வாங்கும் செலவும் இல்லை. ஆயின், ஒரு கேள்வி எஞ்சுகின்றது. உரிமமின்றி 60 படிகள் இதுவரை இருந்தனவே, அதற்கு என் செய்வது?

இங்கேதான் மேலாளரின் நேர்மை உரைத்துப் பார்க்கப்படுகின்றது. உரிமம் வழங்கிய நிறுவனம் தணிக்கை செய்யும் உரிமையைப் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே கொண்டிருக்கும். “தணிக்கையாளர் வருமுன் நீக்கிவிட்டு வாளா இருப்போம்” என உடன் பணிபுரிவோர் கூறக்கூடும். நீக்குவதால் இனி வரும் குறை நீங்குமேயன்றி, முன் நிகழ்ந்தது நிகழாததாகிவிடாது. நல்ல மேலாளர் நடந்ததை உள்ளவாறே எழுதித் தலைவரிடம் அளிப்பார். ஒப்பந்தப்படி செலுத்த வேண்டுவது உண்டாயின் செலுத்துக என அறிவுறுத்துவார். இதனால் அன்று சிலர் முகம் சுளிப்பர். ஆயினும், நிறுவனத்தின் சொல் பிறரால் நம்பப்படும்.

தீய எண்ணம் இன்றியும் பிழை நேர்வதுண்டு. டியாஜியோ என்னும் நிறுவனம் எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளை உரிமம் பெற்றே பயன்படுத்தி வந்தது. பின்னர், விற்பனையாளர்க்கும் வாடிக்கையாளர்க்கும் என வேறொரு மென்பொருள் தளத்தில் இரு புதிய ஏற்பாடுகளை அமைத்து, அவற்றைப் பழைய மென்பொருளுடன் இணைத்தது. அவ்வழியே மறைமுகமாகப் பயன்படுத்துவோர்க்கும் கட்டணம் உண்டு என எஸ்.ஏ.பி. வழக்குத் தொடுத்து, 5 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு மேல் கோரிற்று. கட்டணம் செலுத்த வேண்டியதே என 2017ஆம் ஆண்டில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகையை அத்தீர்ப்பில் வரையறுக்கவில்லை. பயன்படுத்துதல் என்னும் ஒரு சொல்லின் பொருள் எத்துணைப் பெருந்தொகையைத் தாங்கி நின்றது, பாருங்கள்! ஒப்பந்தத்தைச் சொல் சொல்லாக ஆய்ந்து பொருள் காணும் திறம் மேலாளர்க்கு இன்றியமையாதது என்பது இதனால் புலனாகும்.

விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளுக்கு உரிமம் இல்லை எனக் கருதுதல் தவறு. 1989ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த குனூ பொது உரிமம், மென்பொருளை எவரும் பயன்படுத்தவும், படியெடுக்கவும், திருத்தவும் இசைவளிக்கின்றது. ஆயினும், திருத்திய மென்பொருளைப் பிறர்க்கு வழங்குவோர் அதன் மூல நிரலையும் பெறச் செய்தல் வேண்டும் என அது விதிக்கின்றது. இதனையும் மேலாளர் கண்காணிப்பார்.

மாணவர்களே! பூட்டிய அறையிலுள்ள பொருளைக் காப்பது எளிது. எவரும் ஒரு நொடியில் படியெடுத்துவிடக் கூடியதும், எடுத்தாலும் குறையாததுமாகிய பொருளின் கணக்கைக் காப்பதே அரிது. அதற்குக் கணக்கறிவும் சட்ட அறிவும் மொழியறிவும் வேண்டும். அவற்றினும் மேலாக, காண்பார் இல்லாவிடத்தும் பிறர் உழைப்பை மதிக்கும் உள்ளம் வேண்டும். நண்பர் ஒருவர் மென்பொருளின் படியை நும்மிடம் நீட்டும்போது, “இதனைப் பயன்படுத்த நமக்கு உரிமை உண்டா?” என வினவிப் பழகுங்கள். உரிம மேலாளர் நாள்தோறும் வினவுவதும் அவ்வினாவே ஆகும்.