பாற்கேன்களும் குழாய்களும் சுத்தம் செய்யும் முறை

பால் சங்கங்களில் சிற்சில நாட்களில் பால் திரிந்து திரும்பி வருகிறது. அப்பொழுது அங்கத்தினர்கள் வெயிலையும் தீவனத்தையும் தாமதித்து வந்த லாரியையும் குறை கூறுவது வழக்கம். கேனின் கழுத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பவர் அரியர். அங்கே வழவழப்பாக ஏதேனும் விரலில் ஒட்டுமாயின் வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

1946-ம் வருஷத்தில், அக்காலம் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த கைரா ஜில்லாவில் பதிவு செய்யப்பட்ட பால் யூனியன் முதற்கொண்டு, பால் சங்கங்களின் ஏற்பாடு பெரும்பாலும் ஒன்றே: பலர் கறந்த பாலை ஒன்றாய்ச் சேர்த்து அனுப்புவது. ஆகவே ஒருவருடைய கேனில் உள்ள அழுக்கு ஊராரின் பாலையெல்லாம் கெடுத்துவிடும். நஷ்டமும் எல்லோருக்கும் பங்காகும்.

பால் பட்ட இடத்தில் கொழுப்பும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மெல்லிய படலமாய்ப் படிகின்றன. தண்ணீரை ஊற்றிக் குலுக்குவதால் இப்படலம் போவதில்லை. நாளடைவில் அது மஞ்சள் கலந்த வெண்மையான கல்லைப்போல் இறுகி, கிருமிகளுக்கு உறைவிடமாகிறது. அதன்மேல் ஊற்றும் குளோரின் மருந்து உள்ளே புகாமையால் அதனாலும் பிரயோஜனமில்லை. வெதுவெதுப்பான பாலில் கிருமிகள் சுமார் அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியவை. பாலை 4 டிகிரிக்குக் குளிரவைத்தால் அவற்றின் பெருக்கம் மட்டுப்படுமேயன்றி அவை சாவதில்லை.

அநேகர் பால் ஊற்றியவுடன் கேனில் கொதிநீரை விடுகின்றனர். இது பெருந்தவறு. முட்டையின் வெண்கரு கொதிநீரில் கட்டியாவதுபோல் பாலின் புரதமும் இறுகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர் அல்லது இளஞ்சூடான நீரால் உடனே அலசவேண்டும். பின்னர் 10 லிட்டர் வெந்நீரில் 50 முதல் 100 கிராம் வரை சலவை சோடா கரைத்து, அதனால் பிரஷ் போட்டுத் தேய்க்கவேண்டும். காஸ்டிக் சோடாவை அலுமினியக் கேனில் ஒருபோதும் உபயோகித்தலாகாது. அது அலுமினியத்தையே அரித்துவிடும். சாம்பலும் மணலும் பளபளப்பைத் தரும் என்பது உண்மையே. ஆயினும் அவை உண்டாக்கும் கீறல்களில் மறுநாள் பால் தங்கிவிடும். இரும்புக் கம்பி பிரஷ்ஷுக்கும் இதே தோஷம் உண்டு. ஒடிந்த கம்பி பாலில் விழுவதும் உண்டு. நைலான் இழை பிரஷ்ஷே தக்கது. தென்னை நார் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கேனுக்கு நீண்ட பிடியும், நுனியிலும் இழையும் உள்ள பிரஷ் வேண்டும். கழுத்தின் உள்வளைவும் மூடியின் விளிம்புமே முக்கியமான இடங்கள். குழாய்க்கு, முறுக்கிய கம்பியில் சுற்றிலும் இழை கோத்த பிரஷ் தேவை. அதன் குறுக்களவு குழாயின் உள்ளளவைவிடச் சற்றே அதிகமாயிருத்தல் வேண்டும். மெலிந்த பிரஷ் குழாய்ச் சுவரைத் தொடாமல் வழுக்கிச் சென்றுவிடும். கழுவியதாக மனத்திருப்தி மட்டுமே மிஞ்சும். ஒரு முனையில் விட்டு மறுமுனையில் வெளியே வாங்கவேண்டும். நடுவில் பின்னோக்கி இழுத்தால் இழைகள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். குழாய்த் திருகையும் ரப்பர் வளையத்தையும் கழற்றியே தேய்க்கவேண்டும்.

குளிர்சாதனத் தொட்டியில் ஆள் இறங்கித் தேய்ப்பதானால், பால் கலக்கும் விசிறியின் மின்சாரத்தை முதலில் நிறுத்துவதும், வெளியே ஒருவர் காவல் நிற்பதும் அவசியம். இறுகிய படிவைக் கரைக்க அமிலம் இட்டபின், நன்றாய் அலசாமல் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினால் விஷவாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் இஃது உயிருக்கே அபாயம்.

சோடா நீர் போக நன்றாய் அலசியபின் கேன்களைச் சட்டத்தின்மேல் கவிழ்த்து வடியவிடவேண்டும்; தரையில் கவிழ்த்தால் காற்றுப் புகாது. தரை தேய்க்கும் பிரஷ்ஷும் கேன் தேய்க்கும் பிரஷ்ஷும் ஒன்றாயிருத்தல் கூடாது. வெவ்வேறு நிறத்தில் வாங்கினால் குழப்பம் நேராது. வேலை முடிந்ததும் பிரஷ்ஷையும் சோடா நீரில் கழுவி, இழை கீழ்நோக்கித் தொங்கும்படி மாட்டிவைக்கவேண்டும். இழை வளைந்துபோன பிரஷ்ஷை மாற்றச் சங்கத்தார் தயங்குவதுண்டு. அதன் விலை, திரும்பி வந்த ஒரு கேன் பாலின் விலையைவிட மிகக் குறைவு.