அறிவு ஓர் அமானிதம்: அறிவியல் புனைவில் டாக்டர் பஷீர்

முன்னுரை

அறிவியல் புனைவு என்றவுடன் விண்கலங்களும் விந்தைக் கருவிகளும் வேற்றுலக உயிர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அக்கருவிகளைக் கையில் ஏந்தும் மனிதர்களைப் பற்றி நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. ஆயினும், கற்றவன் தன் கல்வியை யாருக்காக, எவ்வாறு பயன்படுத்துகிறான் என்னும் வினாவே சிறந்த அறிவியல் புனைவுகளின் உயிர்நாடியாக விளங்குகிறது. அவ்வினாவை ஏழாண்டுக் காலம் சின்னத்திரையில் எழுப்பிய துணைப்பாத்திரம் ஒன்றினை இக்கட்டுரையில் காண்போம். அப்பாத்திரத்தின் பெயர் டாக்டர் ஜூலியன் பஷீர்.

தொடரும் பாத்திரமும்

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடர் 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அம்மரபில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' 1993 முதல் 1999 வரை ஏழு பருவங்கள் ஒளிபரப்பாயிற்று. கதை நிகழும் காலம் கி.பி. 24-ஆம் நூற்றாண்டு. நெடுநாள் அந்நிய ஆட்சியில் அடிமைப்பட்டிருந்து அப்போதுதான் விடுதலை பெற்ற பஜோர் என்னும் உலகின் அருகே ஒரு விண்வெளி நிலையம் இருக்கிறது. அதன் தளபதி பெஞ்சமின் சிஸ்கோவே தலைமைப் பாத்திரம். அந்நிலையத்தின் தலைமை மருத்துவரும் மருத்துவ ஆய்வாளருமே டாக்டர் பஷீர்.

இப்பாத்திரத்தை ஏற்று நடித்தவர், 1965-இல் சூடான் நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சித்தீக் அல் ஃபாதில். பின்னர் அலெக்சாண்டர் சித்தீக் என்னும் பெயரில் அறியப்பட்டார். சூடானின் பிரதமராக இருந்த சாதிக் அல் மஹ்தி இவருக்கு உறவினர்.

தொடர் ஒளிபரப்பான அக்காலத்தில், மேலைநாட்டுத் திரைப்படங்கள் பலவற்றில் அரபுப் பெயர் தாங்கி வந்தவர்கள் வன்முறையாளராகவே காட்டப்பட்டனர். 1994-இல் வெளிவந்த 'ட்ரூ லைஸ்' என்னும் படம் அதற்கு ஒரு சான்று. அத்தகைய சூழலில், வருங்கால உலகின் மருத்துவர் ஒருவருக்கு அரபுப் பெயர் சூட்டப்பட்டதும், அவர் அப்பெயருடனேயே இயல்பாக அனைவராலும் மதிக்கப்பட்டதும் நோக்கத்தக்கன. தொடர் அவருடைய சமயத்தைப் பேசுபொருளாக்கவில்லை. ஆகவே அவரை நம்மவர் என உரிமை கொண்டாடுவது நம் நோக்கமன்று. அவர் செயலில் நாம் கற்க வேண்டியது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

செருக்கிலிருந்து தொடங்கிய பயணம்

பஷீர் தொடக்கத்தில் குறையற்றவராகப் படைக்கப்படவில்லை. முதற்பகுதியிலேயே அவர் இளமைத் துடிப்பும் தற்பெருமையும் நிறைந்தவராக அறிமுகமாகிறார். வசதியான பணியிடங்களை விடுத்து, எல்லைப்புறக் காட்டில் மருத்துவம் செய்து பெயர் பெற வந்ததாகப் பெருமிதத்துடன் கூறுகிறார். பஜோர் உலகைச் சேர்ந்த மேஜர் கீரா அதைக் கேட்டுச் சினம் கொள்கிறார். மருத்துவர் காடு என்று சொன்னது கீராவின் தாயகம். அங்கே துன்புறுவோர் அவருடைய சொந்த மக்கள். பிறர் துயரத்தைத் தன் புகழுக்குரிய களமாகக் கருதும் குற்றம் கற்றவரிடமும் உண்டு என்பதை இக்காட்சி சுட்டுகிறது. அக்குற்றம் தீர்ந்த வரலாற்றை 1996-இல் ஒளிபரப்பான 'தி குவிக்கனிங்' என்னும் பகுதியில் காணலாம்.

மருந்து காணாத மருத்துவர்

இப்பகுதியை எழுதியவர் நரேன் சங்கர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பின் எழுத்துத்துறைக்கு வந்தவர். பகுதியின் பெயர் இருபொருள் உடையது. 'குவிக்கனிங்' என்னும் ஆங்கிலச் சொல் விரைவுபடுதலைக் குறிக்கும். கருவுற்ற தாய் தன் வயிற்றில் குழந்தையின் அசைவை முதன்முதலாக உணர்வதையும் குறிக்கும். சாவும் பிறப்பும் ஒரே சொல்லில் அடங்கிய இத்தலைப்பே கதையின் சுருக்கம் எனலாம்.

டெப்லன் என்னும் உலகின் மக்கள் ஒருகாலத்தில் அறிவிலும் வளத்திலும் சிறந்திருந்தனர். டொமினியன் என்னும் பேரரசை எதிர்த்து நின்றதால், இருநூறு ஆண்டுகளுக்கு முன் தண்டனையாக அவர்கள் மீது ஒரு கொள்ளைநோய் ஏவப்பட்டது. அன்று முதல் அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் உடலில் நோய்த்தழும்புடனேயே பிறக்கிறது. தழும்பு சிவக்கத் தொடங்கினால் நோய் விரைவுபட்டது என்று பொருள். கொடிய வலியும் சாவும் தொடரும். அவ்வூரில் ட்ரெவியன் என்பவர் நோயாளிகளுக்கு வலியற்ற சாவைத் தரும் நஞ்சை வழங்கி வருகிறார். மக்கள் அவரை வள்ளலாகப் போற்றுகின்றனர். நம்பிக்கை செத்த இடத்தில் சாவே மருந்தாகிவிடும் அவலத்தை இது காட்டுகிறது.

அங்கு வந்து சேரும் பஷீர், சில நாள்களில் மருந்து காண முடியும் என்று நம்புகிறார். எகோரியா என்னும் கருவுற்ற பெண் அவருக்குத் துணைநிற்கிறாள். நோயாளிகள் சிலர் தயங்கித் தயங்கி ஆய்வுக்கு இசைகின்றனர். ஆனால், அவருடைய கருவிகள் வெளியிட்ட மின்காந்தப் புலமே நோய்க்கிருமியை மாற்றமடையச் செய்கிறது. அவரை நம்பி வந்தவர்கள் துடிதுடித்து ட்ரெவியனின் நஞ்சைக் கேட்டு மடிகின்றனர். இயலாததை இயலும் என்று எண்ணிய தம் செருக்கே இதற்குக் காரணம் என்று பஷீர் மனம் உடைகிறார். உடன் வந்த அறிவியல் அலுவலர் ஜட்சியா டாக்ஸ் அவருக்கு ஒன்றை உணர்த்துகிறார்: மருந்து காண்பேன் என்று எண்ணியது செருக்கு என்றால், நான் காணாததால் மருந்தே இல்லை என்று முடிவுகட்டுவது அதனினும் பெரிய செருக்கு.

இவ்விடம் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. நோயைப் படைத்த இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் படைத்துள்ளான் என்னும் கருத்துடைய நபிமொழிகளை நாம் அறிவோம். நிவாரணம் உண்டு என்பது நம்பிக்கை. அதைத் தேடிக் கண்டறிவது மனிதர் மேல் உள்ள கடமை. நம் அறிவின் எல்லையைப் படைப்பின் எல்லையாகக் கருதலாகாது என்னும் பணிவு இதில் அடங்கியுள்ளது.

பஷீர் திரும்பிச் செல்லாமல் எகோரியாவின் அருகிலேயே தங்குகிறார். அவளைக் குணப்படுத்த அவரால் இயலவில்லை. ஆனால் அவள் பெற்ற குழந்தை உடலில் ஒரு தழும்பும் இன்றிப் பிறக்கிறது. அவர் அவளுக்குச் செலுத்திய மருந்து நஞ்சுக்கொடி வழியே சென்று குழந்தையைக் காத்துவிட்டது. அக்குழந்தையைக் கண்ட பின் தாய் கண்மூடுகிறாள். இனிக் கருவுற்ற பெண்களுக்கெல்லாம் அத்தடுப்பு மருந்தை வழங்கும் பொறுப்பை, சாவுக்கு மருந்து கொடுத்து வந்த அதே ட்ரெவியன் ஏற்றுக்கொள்கிறார்.

புனைவும் மெய்யும்

இக்கதையின் அறிவியல் எந்த அளவு உண்மை? கருவிகளின் மின்காந்தப் புலத்தால் கிருமி மாறுவது கதையின் வசதிக்காகச் செய்யப்பட்ட கற்பனை. தாய்க்குத் தரும் மருந்து சேயைக் காக்கும் என்பதோ உண்மையைத் தழுவியது. தாயின் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களுள் ஒருவகை, கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் உடலுக்குச் செல்கிறது. கருவுற்ற பெண்களுக்கு இரண ஜன்னித் தடுப்பூசி போடப்படுவது இக்காரணம் பற்றியே. இத்தடுப்பூசியாலும் தூய்மையான மகப்பேற்று முறைகளாலும், தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் இரண ஜன்னி பொதுநலச் சிக்கலாக இல்லாத நிலையை இந்தியா 2015-இல் எட்டியது.

பெரியம்மையின் வரலாறும் இக்கதைக்கு நிகரானது. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அர்-ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி விளக்கித் தனிநூல் எழுதினார். நோயை அடையாளம் கண்டாரேயன்றி அதற்கு உறுதியான மருந்து காண அவரால் இயலவில்லை. துருக்கியில் வழக்கிலிருந்த அம்மைக் குத்துமுறையைக் கண்ட மேரி மான்டேகு சீமாட்டி, 1721-இல் இலண்டனில் தம் மகளுக்கு அதைச் செய்வித்தார். 1796-இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு தடுப்பு முறையை நிறுவினார். 1980-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தது. வந்த நோயைத் தீர்க்கும் உறுதியான மருந்து கிடைக்காமலேயே, வாராமற்காக்கும் வழியால் ஒரு கொள்ளைநோய் உலகைவிட்டு நீங்கியது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறாகப் பகுக்கிறது. டெப்லன் கதையில் மருந்து என்னும் கூறு மட்டும் இல்லை. எஞ்சிய மூன்றும் ஒன்றையொன்று கைவிடாமல் நின்றதால், நான்காவதன் ஒரு பகுதியேனும் கிட்டியது.

போதாத பிள்ளை

1997-இல் வந்த 'டாக்டர் பஷீர், ஐ பிரிசூம்' என்னும் பகுதி அவருடைய வாழ்வின் மறைபொருள் ஒன்றை வெளிப்படுத்துகிறது. சிறுவனாக இருந்தபோது அவர் படிப்பில் பின்தங்கியிருந்தார். ஏழு வயது நிறையுமுன், பெற்றோர் அவரை வேற்றுலகிற்கு அழைத்துச் சென்று சட்டத்திற்குப் புறம்பாக மரபணு மாற்றம் செய்வித்தனர். அறிவும் ஆற்றலும் பெருகின. உண்மை வெளிப்பட்டபோது மகனின் பதவியைக் காக்கத் தந்தை சிறைத்தண்டனையை ஏற்கிறார். பெற்றோர் அன்பினாலேயே அவ்வாறு செய்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மகனின் நெஞ்சில் ஒரு முள் தைத்தே இருக்கிறது: இயல்பாகப் பிறந்த நான் உங்களுக்குப் போதாதவனாக இருந்தேனா?

இவ்வினா இன்று புனைவின் எல்லையைக் கடந்துவிட்டது. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக எம்மானுவேல் சார்ப்பென்டியே, ஜெனிபர் டவுட்னா ஆகிய இரு பெண் அறிவியலாளர்கள் 2020-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அரிவாள் உருச் செல் சோகைக்கு இம்முறையில் அமைந்த சிகிச்சை 2023-இல் பிரிட்டனில் ஒப்புதல் பெற்றது. இது நோய் தீர்க்கும் பணி. ஆனால் 2018-இல் சீனாவில் ஹ ஜியான்குயி என்பவர் கருநிலையிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தபோது உலகமே அதிர்ந்தது. மறு ஆண்டு அவர் சிறைத்தண்டனை பெற்றார். நோயை நீக்குவதற்கும் பிள்ளையை நம் விருப்பத்திற்கேற்ப வார்ப்பதற்கும் இடையிலுள்ள கோடு எங்கே என்பதை நம் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்த்தல் தகும். மரபணுவைத் தொடாமலேயே, மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு பிள்ளைகளைப் போதாதவர்களாக உணரச் செய்யும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு.

பகைவர்க்கும் மருந்து

1999-இல் ஒளிபரப்பான இறுதிப் பகுதிகளில், டெப்லன் மக்கள் மீது நோயை ஏவிய அதே டொமினியனின் தலைவர்கள் ஒரு கொடுநோயால் அழியும் நிலையை அடைகின்றனர். அந்நோயை உருவாக்கியது தம் தரப்பைச் சேர்ந்த இரகசிய அமைப்பே என்பதைப் பஷீர் கண்டறிகிறார். அவ்வினத்தில் பிறந்து தம்முடன் பணியாற்றும் நண்பர் ஓடோவையும் அந்நோய் பற்றியிருந்தது. பஷீர் பெரும் இடருக்கிடையே மருந்தைக் கண்டு நண்பரைக் காக்கிறார். அரசு அம்மருந்தைப் பகைவர்க்குத் தர மறுக்கிறது. முடிவில் ஓடோவின் வழியாகவே அது அவர்களைச் சென்றடைகிறது. போரும் முடிவுக்கு வருகிறது. நோயைப் படைக்கலமாக்குவது, செய்தவர் யாராயினும், குற்றமே என்பதில் பஷீர் உறுதியாக நின்றார்.

முடிவுரை

பஷீர் என்னும் அரபுச் சொல்லுக்கு நற்செய்தி கூறுபவர் என்பது பொருள். நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு விருப்புடன் சூட்டப்படும் பெயர் அது. இப்பொருளை மனத்திற்கொண்டு டெப்லன் கதையை நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அம்மருத்துவர் கொண்டுவந்த நற்செய்தி, அவர் முன் படுத்திருந்தவர்களுக்கு உரியதாக அமையவில்லை. இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கு உரியதாக அமைந்தது. தம் வாழ்நாளில் பயன் காணாத உழைப்பை மேற்கொள்ள அறிவு மட்டும் போதாது. அறிவு தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்னும் உணர்வும் வேண்டும். அமானிதத்தைப் பெற்றவன் அதை உரியவரிடம் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டவன். அவ்வுரியவர் நோயாளியாக இருக்கலாம், பகைவராக இருக்கலாம், இன்னும் பிறவாத குழந்தையாகவும் இருக்கலாம்.

மருத்துவமும் அறிவியலும் பயிலச் செல்லும் நம் மாணவச் செல்வங்கள் பட்டத்தோடு இவ்வுணர்வையும் பெறுவார்களாக. டெப்லனிலிருந்து திரும்பிய பின்னும் பஷீர் ஓய்வு கொள்ளவில்லை. பிறக்கும் குழந்தைகள் காக்கப்பட்டுவிட்டனர். ஆயினும் நோயுற்ற பெரியோர் அங்கே இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கான மருந்தைத் தேடி அவர் தம் ஆய்வுக்கூடத்தில் தனியே அமர்ந்திருக்கும் காட்சியுடன் அப்பகுதி முடிகிறது.