ஒரு சுரத்துக்கு எத்தனை விநாடி?

கீபோர்டு வாங்கிய வீடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அது கூடத்தில் இருக்கும். மற்றதில் பரணில் இருக்கும். சேர்ந்த புதிதில் ராத்திரி ஒன்பது மணிக்கும் விடாமல் தட்டிக்கொண்டிருந்த பிள்ளை, சில மாதங்களில் வயிற்றுவலி என்று சொல்லி சனிக்கிழமை கிளாஸுக்கு மட்டம் போடத் தொடங்குகிறது. “ஆர்வமே போயிடுச்சு மிஸ்” என்கிறார் அம்மா. “வீட்ல பிராக்டிஸே பண்றதில்லைங்க” என்கிறார் டீச்சர். முதலில் போனது ஆர்வமா, பயிற்சியா? இதைக் கடிகாரம் வைத்தே அளந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜேம்ஸ் ரென்விக், கேரி மெக்ஃபெர்சன் என்ற இரு ஆய்வாளர்கள், ஆஸ்திரேலியாவில் கிளாரினெட் கற்கும் ஒரு சிறுமி பயிற்சி செய்வதை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். டீச்சர் கொடுத்த பாடங்களை வாசித்தபோது, தாளில் இருந்த ஒவ்வொரு சுரத்துக்கும் அவள் ஒதுக்கிய நேரம் சராசரியாக 0.9 விநாடி. மேலிருந்து கீழே ஒரு ஓட்டம், கடமை முடிந்தது. ‘இதைக் கற்றுக்கொடுங்கள்’ என்று அவளே கேட்டு வாங்கிய ஓர் உருப்படிக்கு 9.8 விநாடி. கிட்டத்தட்ட பதினோரு மடங்கு. கூடியது நேரம் மட்டுமல்ல. ஊதாமல் விரல்களை மட்டும் ஓட்டிப் பார்த்தாள், வாயால் பாடிப் பார்த்தாள், நிறுத்தி யோசித்தாள். அந்த வித்தைகள் அவளுக்குத் தெரியாமல் இல்லை. பாடத்துக்காக அவற்றைச் செலவழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சிறுமியை வைத்து உலகத்துக்கே விதி எழுதிவிட முடியாதுதான். அதே மெக்ஃபெர்சன் இன்னொரு நீண்ட ஆய்வில், ஏழு முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட 157 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார். கருவியைத் தொடுவதற்கு முன்பே அவர்களிடம், இதை எவ்வளவு காலம் வாசிப்பாய் என்று கேட்டு வைத்துக்கொண்டார். ‘இந்த வருஷம் மட்டும்’ என்ற மாதிரி பதில் சொன்னவர்கள் எவ்வளவு நேரம் பயிற்சி செய்தும் பெரிதாக முன்னேறவில்லை. ‘ரொம்ப நாள்’ என்றவர்களுக்குப் பயிற்சியின் ஒவ்வொரு நிமிடமும் பலித்தது. ஏழு வயதுப் பிள்ளையின் மனத்தில் ‘நான் வாசிக்கிற ஆள்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அப்போது கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில் யாராவது பாடுவதிலிருந்து வரலாம், அண்ணன் வாசிப்பதைப் பார்த்து வரலாம். கிளாஸில் பணம் கட்டியதால் மட்டும் வராது.

சரி, வீட்டுப் பயிற்சி என்ற பெயரில் என்னதான் நடக்கிறது? ஆரம்ப நிலைப் பிள்ளைகளை வீட்டில் படம்பிடித்துப் பார்த்ததில், பயிற்சி நேரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் உருப்படியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துத் தள்ளுவதிலேயே கழிந்தது தெரிந்தது. கையெழுத்து நோட்டில் அச்சடித்த மேல்வரியைப் பார்க்காமல், தான் கடைசியாக எழுதிய வரியைப் பார்த்தே எழுதிப் போகும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். மூன்றாவது வரியில் நேற்று தவறிய விரல் இன்றும் அதே இடத்தில் தவறுகிறது. பத்து முறை வாசித்தால் தவறும் பத்து முறை பழகுகிறது.

இதற்கு மாற்று என்ன என்பதை 2009இல் ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேரிடம் ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கான்செர்ட்டோவிலிருந்து மூன்றே தாளக்கட்டுகளைக் கொடுத்து, போதும் என்று தோன்றும்வரை பழகச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்க வைத்துத் தரவரிசைப்படுத்தினார்கள். எவ்வளவு நேரம் பழகினார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் தரவரிசைக்கும் தொடர்பே இல்லை. முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களும் முதல் நாள் தவறு செய்தவர்களே. ஆனால் தவறிய இடத்தை அப்போதே பிடித்தார்கள், அந்தத் துண்டை மட்டும் வேகத்தைக் குறைத்துச் சரியாகும்வரை வாசித்தார்கள். திருத்தியபின் அந்தத் தவறு பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

ஆகவே “அரை மணி நேரம் வாசிச்சியா?” என்று கேட்பதைவிட, “இன்னைக்கு எந்த இடம் சரியாச்சு?” என்று கேட்கலாம். அப்படிக் கேட்கப் பெற்றோருக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜான் ஸ்லோபோடா குழுவினர் இங்கிலாந்தில் 257 இளம் வாசிப்பாளர்களை ஆராய்ந்தபோது, மேலே வந்தவர்களின் பெற்றோர் பலர் இசைக்கலைஞர்கள் அல்லர் என்று தெரிந்தது. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஆசிரியரிடம் விசாரித்தவர்கள். ‘வாசித்தால் சாக்லேட்’ என்ற பேரத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 1973இல் மார்க் லெப்பரும் மற்றவர்களும் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், பரிசு தருவதாகச் சொல்லிப் படம் வரைய வைத்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள், பரிசு நின்றபின் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். அதற்கு முன் யாரும் சொல்லாமலே ஆசையாய் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகள்தான் அவர்கள்.

மூளைக்கு நல்லது என்பதற்காகச் சேர்ப்பவர்கள் நிறைய. அந்த நம்பிக்கையின் ஒரு வேர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த சின்னஞ்சிறு ஆய்வு. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மோட்சார்ட் கேட்டார்கள், இடஞ்சார்ந்த புதிர்களில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். அந்த வேகம் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. குழந்தைகள் அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. ஆனாலும் 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார். வாசிக்கக் கற்பதன் பலனை முறையாகச் சோதித்தவர் டொரன்டோவின் கிளென் ஷெல்லன்பர்க். 2004இல் வெளியான அவருடைய ஆய்வில் 144 ஆறு வயதுப் பிள்ளைகள் இருந்தனர். கீபோர்டும் பாட்டும் கற்றவர்களுக்கு ஐ.க்யூ. மற்றவர்களைவிடச் சில புள்ளிகள் கூடியது. நாடகம் கற்றவர்களோ பிறரோடு பழகுவதில் தேறியிருந்தார்கள். அதன்பின் வந்த ஆய்வுகளையும் சேர்த்து 2020இல் சாலா, கோபெ என்ற இரு ஆய்வாளர்கள் பகுத்தாய்ந்தபோது, கறாராக நடத்தப்பட்ட சோதனைகளில் அந்தச் சில புள்ளிகளும் கரைந்துபோயின. கணக்கில் நூறு வாங்க கணக்குப் போடுவதே வழி.

பியானோ மூளையில் எதுவும் செய்வதில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஜெர்மனியில் பாங்கர்ட், ஆல்டன்முல்லர் என்ற ஆய்வாளர்கள் வாசித்தே அறியாத பெரியவர்களுக்கு மின்பியானோ கற்றுக்கொடுத்தார்கள். முதல் 20 நிமிடத்திலேயே காதையும் கையையும் ஆளும் மூளைப் பகுதிகளிடையே உறவு தொடங்கியது: இசையைக் கேட்டால் கைப் பகுதி விழித்தது, ஒலியில்லாத கட்டைகளைத் தட்டினால் கேட்கும் பகுதி விழித்தது. இன்னொரு குழுவுக்கு எந்தக் கட்டையை அழுத்தினால் எந்த ஒலி வரும் என்பதையே குலைத்துப் போட்டிருந்தார்கள். அவர்களிடம் அந்த உறவு உருவாகவில்லை. காதை விட்டுவிட்டு விரலை மட்டும் பழக்குவது எவ்வளவு வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையாத மலிவு கீபோர்டைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்; 1700 வாக்கில் கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவை முதலில் செய்ததே மெதுவாகவும் உரக்கவும் வாசிக்கத்தான்.

நம் ஊரில் பியானோ என்றாலே கிரேடு. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வில் மூன்று உருப்படிகள் வாசிக்க வேண்டும். அந்த மூன்றையே பத்து மாதம் அரைக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நடுவில் ஓர் இளையராஜா பாட்டைக் கேட்டால், “எக்ஸாம் முடியட்டும்.” எக்ஸாம் முடிந்ததும் அடுத்த கிரேடு. தேர்வு தப்பில்லை; தேர்வே பாடத்திட்டமாகிவிடுவதுதான் தப்பு. லாரன் சோஸ்னியாக் என்ற ஆய்வாளர் 1980களில் மேடைப் பியானோ கலைஞர்களிடம் பேசியபோது, முதல் ஆசிரியர்களைப் பற்றி அவர்கள் நினைவுகூர்ந்தது அவர்களின் கனிவைத்தான். கண்டிப்பான பெரிய வித்வான்கள் பிறகுதான் வந்தார்கள்.

ஹங்கேரியின் இசையமைப்பாளர் பேலா பார்டோக் தன் மகன் பேட்டருக்கு ஒன்பது வயதில் பாடம் தொடங்கியபோது, முதலில் பியானோவைத் தொடவே விடாமல் பாட மட்டும் வைத்தார். பிறகு பாடத்தின் நடுவே மகனைக் காத்திருக்கச் சொல்லி மேசைக்குப் போவார். பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்கும். சில நிமிடங்களில் மை உலராத ஒரு சின்ன உருப்படியோடு திரும்புவார். மகன் கற்கும் வேகத்தைவிட அப்பா எழுதும் வேகம் அதிகமாகி, அந்த வரிசை 153 உருப்படிகள் கொண்ட ‘மிக்ரோகோஸ்மோஸ்’ ஆயிற்று. பேட்டர் பியானோ கலைஞர் ஆகவில்லை. அமெரிக்காவில் ஒலிப்பதிவுப் பொறியாளரானார். அப்பாவின் இசையை இசைத்தட்டுகளாகப் பதிவுசெய்து வெளியிட்டார்.