மதுரை வழியில் மூவர் கோயில்

திருச்சியிலிருந்து காரில் மதுரை செல்வோர் பலர், விராலிமலை முருகனைத் தொழுதபின் எங்கும் நிற்காமல் விரைகின்றனர். அடுத்துள்ள கொடும்பாளூரில் அரைமணி நேரம் இறங்குதல் நலம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி, தம் பெயரிலும் தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களிலும் மூன்று விமானங்கள் எடுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு உரைக்கின்றது. இன்று நிற்பவை இரண்டே. வடபுற விமானத்திற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது.

அடியார்க்கு அமுதளிக்க நெல் கவர்ந்தவரைத் தண்டியாது, தம் களஞ்சியத்தையே அடியார்க்குத் திறந்துவிட்ட இடங்கழி நாயனார் ஆண்ட ஊரும் இதுவே. மலைப்படி ஏற இயலாத முதியோரும் சமதரையில் மெல்ல நடந்து இக்கோயிலைச் சுற்றி வரலாம். அந்நாயனாரின் வரலாற்றை அவர் வாழ்ந்த மண்ணில் நின்றே பேரக்குழந்தைகளுக்குச் சொல்லும் பேறு வேறெங்குக் கிட்டும்?