கழுத்தில் காயம், கையில் தங்கம்

சிரம்பானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். லயத்து வீட்டுச் சுவரில் பந்தடித்து அம்மாவிடம் திட்டு வாங்காத மாலையே கிடையாது. அதையே ஒரு விளையாட்டாக உலகம் ஆடுகிறது, அதற்கு ஸ்குவாஷ் என்று பெயர் என்பதெல்லாம் நிக்கோல் டேவிட் புகழ்பெற்ற பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

அந்த நிக்கோலையே 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் எதிர்கொண்டவர் நம் கெடா மாநிலத்துப் பெண் எஸ்.சிவசங்கரி. அப்போது வயது 19. கிடைத்தது வெள்ளி.

2022 ஜூனில் நெடுஞ்சாலையில் பெரும் கார் விபத்து. முகத்திலும் கழுத்து எலும்பிலும் காயம். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. அந்த வாய்ப்பு போனது. பந்தை நோக்கிச் சட்டெனக் குனிந்து, திரும்பி, பாய வேண்டிய ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டால் என்ன ஆகும்? மீண்டும் ஆடுவாரா என்பதே கேள்வியாக இருந்தது.

ஆடினார். 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையரில் தங்கம், குழுப் பிரிவிலும் தங்கம். 2024-இல் லண்டன் கிளாசிக் இறுதியாட்டம். எகிப்தின் ஹனியா எல் ஹம்மாமியை ஐந்து செட் வரை போராடி வீழ்த்திப் பட்டம் வென்றார். உலகத் தரவரிசையில் முதல் 10 பேருக்குள்ளும் நுழைந்தார்.

அடுத்து? 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. எட்டு முறை உலகப் பட்டம் வென்ற நிக்கோலுக்குக்கூடக் கிடைக்காத வாய்ப்பு இது. மலேசியா இன்னும் ஓர் ஒலிம்பிக் தங்கம்கூட வென்றதில்லை. அப்போது சிவசங்கரிக்கு 29 வயது. அனுபவமும் வேகமும் கைகோக்கும் பருவம். ஆனால் பாதை சுலபமில்லை. பெண்கள் ஸ்குவாஷில் எகிப்து வீராங்கனைகளின் ஆதிக்கம் பலமானது. லண்டனில் செய்ததை அவர் ஒரே வாரத்தில் மீண்டும் மீண்டும் செய்தாக வேண்டும்.

என் வானொலி நிகழ்ச்சிக்கு ஒருமுறை ஓர் அப்பா அழைத்தார். "மகளுக்குக் கை முறிஞ்சுது மா, அதோட விளையாட்டை நிறுத்திட்டேன்" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் சிவசங்கரியின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "டாக்டர்கிட்ட கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

லாஸ் ஏஞ்சலஸில் என்ன நடந்தாலும், எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.